ஆரஞ்சு ருசி

எனக்கு வலிப்பு உண்டு. எந்த மருந்துக்கும் அடங்காத அந்தச் சனியனை அடக்கியது வெண்ணெய்தான். டாக்டர்கள் போட்ட பத்தியம் அது: ரொட்டி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, சர்க்கரை நாக்கில் படவே கூடாது. வெண்ணெய், க்ரீம், முட்டை, பன்றிக்கொழுப்பு, அதையும் தராசில் நிறுத்துத்தான் தின்ன வேண்டும். குமட்டக் குமட்டத் தின்றேன். வலிப்பு நின்றது. பறித்த ஓட்டுநர் உரிமத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

சஸ்காட்செவனில் கோதுமை வயலுக்கு நடுவே குடியிருக்கிறவள் வண்டி ஓட்டக் கூடாது என்றால் அவள் பாதி ஆள்தான். என் கணவன் ஓரெஸ்ட் நல்லவன். ஆனாலும் ஓர் உள்ளாடை வாங்கக்கூட அவனைக் கெஞ்சி நின்றவள் நான். உரிமம் வந்த அன்று பிக்கப்பை எடுத்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பிறகு ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமாக இருந்தது. தின்றது அத்தனையும் கொழுப்பு, வேறு எப்படி இருக்கும்? ஒரு மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். ஓரெஸ்டுக்கு அது பிடிக்கவில்லை. அந்த மாத்திரையால்தான் அவன் அப்பாவுக்குக் கால் குடைச்சல் வந்ததாம்.

"இன்னொரு மாத்திரையா? ஏற்கெனவே நீ நடக்கிற மருந்துக்கடை. எல்லாம் இயற்கையாவே கெடைக்குது, மார்லிஸ். பூண்டு, மீனெண்ணெய், நார்ச்சத்துக்கு இந்த இசப்கோல் தூள்."

"கடைக்காரன் சொன்னானா?"

"கடைக்காரி. அவ புருஷனுக்கே எறங்கிடுச்சாம்."

"அவ புருஷன் வெண்ணெயக் கரண்டியால அள்ளித் திங்கிறானா?"

"வாயாடாம குடி."

அவன் தண்ணீரில் கலக்கி நீட்டிய தூளில் ஆரஞ்சு ருசி. நாக்கு மறந்தே போயிருந்த இனிப்பு.

"இது இனிக்குதே, ஓரெஸ்ட்."

"ஏதோ இலைய அரைச்சுப் போடுவாங்களாம். இயற்கைன்னு எவ்ளோ பெருசா போட்டிருக்கான் பாரு!"

டப்பாவின் முன்பக்கத்தைக் காட்டினான். நானும் அதைத்தான் பார்த்தேன். காலையும் மாலையும் அவனே கலக்கிக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பான். உடம்பு சரியாக இருந்ததால், பத்தியம் உடம்பில் பிடிக்கிறதா என்று தினமும் சிறுநீரைச் சோதிப்பதையெல்லாம் நாங்கள் எப்போதோ விட்டிருந்தோம்.

அறுவடைக்காலம் வந்தது. மறு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க நானே வண்டியோட்டிப் போனேன். திரும்பும் வழியில் பாட்டுக்கூடப் பாடினேன். அதற்குமேல் நினைவில்லை. கண் விழித்தபோது பிக்கப் வாய்க்காலைத் தாண்டி வயலுக்குள் கவிழ்ந்து கிடந்தது. வாயெல்லாம் ரத்தம். யார் மேலும் மோதவில்லை, அது ஒன்றுதான் புண்ணியம். உரிமம் போயிற்று.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர், புதிதாக என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். ஓரெஸ்ட் ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்தான். அந்தப் பெண் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் படித்தார்.

"மொதல் பேரே சர்க்கரைதாங்க."

ஓரெஸ்ட் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்; அந்த ஆறுதலைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுபடியும் தராசு, மறுபடியும் வெண்ணெய். ஆனால் இந்த முறை வலிப்பு அடங்கவில்லை. சிலருக்கு அப்படித்தான், ஏனென்று தெரியாது என்றார்கள். ஓரெஸ்ட் பிக்கப்பைக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினான்.

நேற்று கிளினிக்கிலிருந்து நர்ஸ் போனில் கூப்பிட்டாள். புதுசு போலிருக்கிறது, குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"மார்லிஸ், அறுவடை சமயத்துல ரத்தம் குடுத்தீங்கல்ல? ரிப்போர்ட்டச் சொல்லவே விட்டுப்போச்சு. கொலஸ்ட்ரால் சூப்பரா எறங்கியிருக்கு! என்ன பண்ணீங்க? எதுவா இருந்தாலும் விட்டுடாதீங்க!"

ஓரெஸ்ட் எதிரில் உட்கார்ந்து என் வெண்ணெயை நிறுத்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். தராசு முள் எப்போதோ நின்றுவிட்டது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.