தையல்காரர் மனைவியின் கழுத்து

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சுரப்பி மருத்துவரின் காத்திருப்பு அறையில், எல்லோரும் கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்த மத்தியானத்தில், ஒருத்தி மட்டும் தாடை வரை பொத்தான் போட்ட சட்டையோடு குளிர்கிறவள்போலக் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தையல்காரரான கணவர். மிச்சமெல்லாம் என் இட்டுக்கட்டு.

அவள் கழுத்தில் ஒரு பட்டாம்பூச்சி சிறகை...

[வேண்டாம். தைராய்டுச் சுரப்பிக்குப் பட்டாம்பூச்சி வடிவம் என்பதால், எழுதுகிறவர்களெல்லாம் பட்டாம்பூச்சி பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவளுக்கு அது வீக்கம்.]

2

அவளுக்கு உடம்பு ஊதியது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. பொத்தான் தைக்க உட்கார்ந்தால் தூங்கி விழுந்தாள்.

"தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கினா உடம்பு ஏறாம என்ன செய்யும்?" என்றாள் நாத்தனார். இவள் சாப்பிட்டதோ அரைவயிறு.

தையல்காரர் சட்டைகளைப் பிரித்துத் தளர்த்தினார். பிறகு கழுத்தும் இறுக்கியது.

"என்னங்க, முழுங்கினா என்னவோ தடுக்குது. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"இதுக்கெல்லாம் டாக்டரா? காலரை உசத்தித் தைச்சா வெளியவே தெரியாது."

தைத்தார். வீக்கம் வளர வளர, காலரும் வளர்ந்தது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், கடைக்கு வந்த பெண்கள் தங்களுக்கும் அதே மாதிரி கேட்டார்கள்.

[ஊரார் உடம்பையெல்லாம் அளந்தவர் இப்படி இருப்பாரா? ஒரு நல்ல குணம் கொடுத்துப் பார்த்தேன்: அன்று அவர் அவள் தலையைக் கோதி... அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் கெட்டவரில்லை. உடம்பு மாறினால் துணியைத் திருத்துவார், அவ்வளவுதான்.]

3

ஒருநாள் சோறு தொண்டையில் சிக்கி அவள் கண் பிதுங்கியது. அப்புறம்தான் கூட்டிவந்தார்.

மருத்துவர் காலரை அவிழ்த்துத் தடவிப் பார்த்தார். "எத்தனை நாளா இருக்கு?"

"போன வாரம்தான் மேடம் கண்ணுல பட்டுது," என்றார் தையல்காரர், வாய் கூசாமல்.

"சுரப்பு கொறைஞ்சதுக்கு மாத்திரை தர்றேன். ஆனா ஒரே வாரத்துல இவ்வளவு வளர்ந்திருந்தா பயப்படணும், கழுத்துல ஆபரேஷனும் வேண்டி வரலாம். மெதுவா வளர்ந்ததுன்னா அவசரமில்ல. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். வீடு வரும்வரை அவர் அவளோடு பேசவில்லை. இன்னொன்றில் வாய்மூடி இருக்கிறாள். அவர் வழியெல்லாம் அன்பாகப் பேசிக்கொண்டு வருகிறார். இரண்டையும் கிழித்தேன்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: "யோசிச்சு சொல்லுங்க" என்று மருத்துவர் சொன்னதுகூட அவளைப் பார்த்து இல்லை, தையல்காரரைப் பார்த்துத்தான். அவளைப் பேசவைக்க நினைக்கிறவர்கள், அவளிடம் யாரும் கேட்காமலே பேசவைக்க வேண்டியிருக்கும்.