நான்கு லாரியில் ஏறிய பார்சல்

சிவப்பு விளக்கு அலறியபோது மணி எட்டு இருபது.

கிடங்கில் இருந்த அத்தனை தலைகளும் நான்காம் கதவின் பக்கம் திரும்பின. கதவுக்கு மேலே இருந்த சின்னத் திரையில் எழுத்துகள் துடித்தன. 'தவறான லாரி. இந்தப் பார்சல் ஏழாம் லாரிக்கு உரியது.'

அந்த நொடியில் நான்காம் லாரிக்குள் நின்றிருந்தது ஒரே ஒரு ஆள்.

போட்டோக்காரர்.

கிடங்கில் அவருக்கு அதுதான் பெயர். பத்தொன்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஊரில் எல்லோர் கையிலும் கேமரா முளைத்த பிறகு ஷட்டரை இழுத்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் பார்சல் ஏற்ற வந்துவிட்டார். வேலை வாங்கிக் கொடுத்தது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. ஏழாம் லாரியின் டிரைவர் அவன்தான்.

முப்பது நாள் தேர்வுக்காலம். சுவரில் 'புதியவர்' என்று தலைப்பிட்ட ஒரு போர்டு. அதில் ஒரே ஒரு வரி, அவருடைய வரி. தப்புக்கு ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று விழுந்தால் வீட்டுக்குப் போகலாம்.

ஏற்கெனவே இரண்டு இருந்தன. இன்று முப்பதாவது நாள்.

முதல் புள்ளி ஆறாம் நாள் விழுந்தது. ஒரு விளக்குக் கூட்டின் மேல் உடற்பயிற்சிக் குண்டுகளை வைத்துவிட்டார். கூடாக ஏறியது தட்டாக இறங்கியது.

இரண்டாம் புள்ளிக்குக் காரணம் பழக்கதோஷம். உயரமான பெட்டிகளைப் பின்வரிசையிலும் குட்டைகளை முன்வரிசையிலும் நிறுத்தி, எல்லா லேபிளும் முகம் காட்டும்படி அடுக்கினார். மச்சான் கதவைத் திறந்து பார்த்தான்.

"பிரமாதம் மாமா. பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி இருக்கு. ஆனா நான் முதல்ல போக வேண்டிய வீட்டோட பார்சல் கடைசி வரிசைல, நடுவுல, சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டு நிக்குது. அதை எப்படி எடுக்கறது? எல்லாரையும் எழுந்திருங்கன்னு சொல்லவா?"

கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். இந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்வதற்காக மனைவி சமையலறை அலமாரியைக் காலி செய்து டப்பாக்களை அவர் கையில் கொடுத்தாள். "காலைல முதல்ல எனக்குச் சர்க்கரை வேணும். அதனால அது எப்போ ஏறும்?" என்று தினமும் கேள்வி. இரண்டு வாரமாக வீட்டில் துவரம்பருப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் புள்ளி விழவில்லை.

இன்று காலை வரைக்கும்.

"யாரும் நகராதீங்க!" என்றார் மேடம்.

மேடம் என்றால் மேற்பார்வையாளர். வயது முப்பத்திரண்டு, குரல் ஐம்பது. கிடங்கின் நடுவில் மேஜை போட்டு, அங்கிருந்தே ஒன்பது கதவுகளையும் ஆள்பவர். சற்று முன்தான் போட்டோக்காரரைக் கூப்பிட்டுத் தேர்வுக்காலப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். அவரும் சுமையை இறக்கி வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, விட்டால் போதும் என்று ஓடி வந்திருந்தார்.

"போட்டோக்காரரே, நாலுல என்ன ஏத்துனீங்க?"

"ஒண்ணும் ஏத்தலை மேடம். கயிறு எடுக்கத்தான் உள்ள வந்தேன்."

"கயிறு எடுக்க வந்தவருக்கு மெஷின் ஏன் கத்துது?"

அது அவருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு கதவின் மேலும் ஒரு கண்ணாடிக் கண் உண்டு. கீழே எந்த லேபிள் கடந்தாலும் படித்துவிடும். சரியான லாரி என்றால் பச்சை, தப்பான லாரி என்றால் இப்படி அலறல். அந்தக் கண் பொய் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

மேடம் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டினார். புருவம் ஏறியது.

"இந்த பார்சல் எட்டு பன்னிரண்டுக்கே ஏழாம் லாரில ஏறியிருக்கு. பச்சை விழுந்திருக்கு. இப்போ நாலுல ஏறியிருக்கு. அது எப்படி?"

"நடந்து போயிருக்கும் மேடம்," என்றான் மச்சான். யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது மணிக்கு லாரிகள் கிளம்பியாக வேண்டும்.

நான்காம் லாரியைப் பிரித்தார்கள். அறுபது பெட்டிகள் தரைக்கு வந்தன. அது இல்லை. ஏழாம் லாரியின் முன்வரிசையைப் பிரித்தார்கள். அங்கேயும் இல்லை.

"பக்கத்துல எங்கயாவது சொருகியிருப்பீங்க. ஒன்பதுல போய்ப் பாருங்க," என்றார் மேடம்.

போட்டோக்காரர் ஓடினார். ஒன்பதாம் கதவைத் தாண்டி ஒரு காலை வைத்தார்.

அலறல்!

"இங்கயும் இருக்கு!" என்று கத்தினார் ஒன்பதாம் லாரி டிரைவர். வண்டியிலிருந்து குதித்துப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். "இது பார்சலா, பேயா? என் வண்டில ஏத்தாதீங்கப்பா, நான் பிள்ளைகுட்டிக்காரன்."

ஒன்பதையும் பிரித்தார்கள். அது அங்கும் இல்லை.

மணி எட்டு முப்பத்தெட்டு. கிடங்கின் தரை முழுக்கப் பெட்டிகள். ஒரு நகரமே வீடு காலி செய்து நடுத்தெருவுக்கு வந்ததுபோல இருந்தது. மேடம் தளர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அவருடைய நாற்காலிக்கு ஒரு கால் போய் மூன்று வாரம் ஆகிறது. தலைமை அலுவலகத்துக்கு நான்கு கடிதம் போட்டும் பதில் இல்லை. கைக்கு எட்டியதில் உட்காருவது இப்போது பழகிவிட்டது.

"பதினாலு கிலோ," என்று டேப்லெட்டைப் படித்தார். "சுழல் நாற்காலி, ஒண்ணு. பிரிச்சு அடுக்கினது. ஏம்ப்பா, ஒரு முழு நாற்காலி எப்படிக் காணாமப் போகும்? ஊசியா, பொத்தானா?" கோபத்தில் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு துள்ளு துள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போட்டோக்காரரே, ஒன்பது மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல அந்த மூணாவது புள்ளியை நான் வெச்சுத்தான் ஆகணும்."

போட்டோக்காரர் தலையாட்டினார். மாலையில் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மனைவி டப்பாக்களைப் பழைய இடத்தில் வைக்க ஆரம்பிப்பாள். அதைத்தான் அவரால் பார்க்க முடியாது.

மச்சான் அவரை ஓரமாக இழுத்தான்.

"மாமா, கேளுங்க. என் லாரில ஏறிட்டதா கம்ப்யூட்டரே சொல்லுது. நான் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறேன். நாலும் ஒன்பதும் மெஷின் கோளாறுன்னு போயிடும். உங்க முப்பதாவது நாள் முடிஞ்சிரும்."

"நாற்காலி வாங்கினவங்க கேட்டா?"

"வழில தொலைஞ்சுதும்பேன்."

"அப்போ தப்பு உன் மேலல்ல விழும்?"

"எனக்கு எட்டு வருஷ சர்வீஸ் மாமா. ஒரு தடவை திட்டுவாங்க, அவ்வளவுதான். அக்கா முகத்தைப் பாக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை."

அவன் படிவத்தைத் தேடிப் போய்விட்டான். போட்டோக்காரர் இரண்டாம் கதவின் முன்னால் தனியாக நின்றார். அது மதியத்துக்குத்தான் கிளம்பும் காலி லாரி. அந்தக் கதவின் அலாரத்துக்குப் போன மாதமே தொண்டை கட்டிவிட்டது, விளக்கு மட்டும்தான் எரியும். அதனால் அந்தப் பக்கம் யாருமே இல்லை.

யோசித்தார்.

ஏழில் பச்சை விழுந்தபோது உள்ளே போனது யார்? நான். நாலில்? நான். ஒன்பதில்? அதுவும் நான். மற்றவர்கள் பத்துத் தடவை போய் வந்தார்கள். அப்போதெல்லாம் மெஷின் வாயே திறக்கவில்லை.

இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். காலி. மெல்ல இரண்டாம் கதவுக்குள் நுழைந்தார்.

சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

வெளியே வந்தார். மறுபடி நுழைந்தார். மறுபடி சிமிட்டல்.

வலது கையை மெதுவாக முதுகுக்குக் கொண்டுபோனார். பாதுகாப்பு ஜாக்கெட்டின் பளபளக்கும் வெள்ளைப் பட்டைக்குக் கீழே, விரல் நுனியில் ஒரு காகிதத்தின் ஓரம் தட்டுப்பட்டது. உரித்தார்.

'ஏழாம் லாரி. சுழல் நாற்காலி, 1. 14 கிலோ.'

அரை மணி நேரமாகக் கிடங்கே தேடிய பார்சல் அவராகவே இருந்திருக்கிறார்!

காலைத் தூறலில் பெட்டிகள் நனைந்திருந்தன. மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும் என்பது விதி. ஸ்டுடியோ விளக்குகளைச் சுமந்த பழக்கத்தில் அவர் ஒரு பெட்டியை முதுகில் ஏற்றினார். அப்போது ஒட்டியிருக்கிறது. சரி, அந்தப் பெட்டி எங்கே? முதுகில் ஏற்றினேன். நாலடி நடந்தேன். மேடம் கூப்பிட்டார். கையெழுத்துப் போட இறக்கி வைத்தேன்...

அவர் கண் கிடங்கின் நடுவே போனது. அப்படியே நின்றுவிட்டது.

நாலு அடி தள்ளி ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. கையில் லேபிள். அதைக் கசக்கிப் போட்டால் முடிந்தது. மச்சான் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடுவான். அந்தப் பெட்டி பெயரில்லாத அநாதையாக மூலையில் கிடக்கும். புள்ளி விழாது. மச்சான் மட்டும் ஏதோ ஒரு வாசலில் நின்று, இல்லாத நாற்காலிக்காகத் திட்டு வாங்குவான்.

அதோ, மேஜை ஓரத்தில் பேனாவைத் திறந்துவிட்டான்.

"மச்சான், நிறுத்து!"

கிடங்கு திரும்பிப் பார்த்தது. போட்டோக்காரர் லேபிளை உயர்த்திப் பிடித்தபடி நடந்து வந்தார்.

"மேடம், கொஞ்சம் எழுந்திரிங்க."

"முதல்ல பார்சலைக் கண்டுபிடிங்க. அப்புறம் எழுந்திரிக்கிறேன்."

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம். அதனாலதான் சொல்றேன்."

மேடம் அவரைப் பார்த்தார். லேபிளைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் குனிந்து, தான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

எழுந்தார். அட்டைப்பெட்டியின் மேல்புறம் லேசாகக் குழிந்திருந்தது. நடுவில் லேபிள் உரிந்துபோன சதுரம்.

மேஜைக்கு நேர் எதிரே சுவரில் ஓர் அறிவிப்பு. 'பார்சல் மீது உட்காரக் கூடாது. மீறினால் சிவப்புப் புள்ளி. இப்படிக்கு, மேற்பார்வையாளர்.' எல்லோரும் அதை ஒரே நேரத்தில் படித்தார்கள். படித்து முடித்ததும் எல்லோருக்கும் அவசரமாகத் தரையில் ஏதோ வேலை வந்துவிட்டது.

"என் தப்புதான் மேடம்," என்றார் போட்டோக்காரர். "முதுகுல தூக்கினேன். லேபிள் என் மேலயே ஒட்டிக்கிச்சு. பெட்டியை இங்க வெச்சுட்டு மறந்துட்டேன். ரெண்டாம் கதவுகிட்ட நிக்கும்போதுதான் புரிஞ்சுது."

"ரெண்டாம் கதவுகிட்டயா?" மேடம் அந்தப் பக்கம் பார்த்தார். "அங்கேர்ந்து குப்பைத்தொட்டி எவ்வளவு தூரம்?"

"நாலடி இருக்கும்."

"என் மேஜை?"

"நாப்பதடி."

மேடம் சிவப்புப் பேனாவை எடுத்தார். போர்டை நோக்கி நடந்தார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டான்.

துணி உரசும் சத்தம் கேட்டது. மேடம் போட்டோக்காரரின் வரியை, இரண்டு புள்ளிகளோடு சேர்த்து, முழுசாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போர்டுல ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு," என்றார் திரும்பாமலே. காலியான இடத்தில் 'மேடம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். "உங்களுக்கு முப்பது நாள் முடிஞ்சிருச்சு. நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடுங்க. இன்னொரு தடவை முதுகுல தூக்கினா, உங்களையே லாரில ஏத்தி அனுப்பிடுவேன்."

"ஏற்கெனவே நாலு லாரில ஏறிட்டாரு மேடம்," என்றான் மச்சான். இந்தத் தடவை கிடங்கே சிரித்தது. ஒன்பதாம் லாரி டிரைவர் மட்டும் இன்னும் பத்தடி தள்ளியே நின்றார்.

எட்டு ஐம்பத்தெட்டு. லேபிளை மறுபடி ஒட்டி, மார்போடு அணைத்து, போட்டோக்காரர் நாற்காலியை ஏழாம் லாரியில் ஏற்றினார். எல்லாவற்றுக்கும் கடைசியாக.

மச்சான் முகவரியைப் பார்த்தான். "அட! இதுதான் மாமா எனக்கு முதல் வீடு!"

மதியம் மேடத்தின் டேப்லெட்டில் ஒரு செய்தி வந்தது. 'நாற்காலி நேரத்துக்கு வந்து சேர்ந்தது, நன்றி. பெட்டியில் மட்டும் யாரோ உட்கார்ந்து பார்த்த மாதிரி இருக்கிறது.'

மேடம் அதைப் படித்தார். யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வரை அவர் உட்காரவே இல்லை.