நினைத்த பிள்ளையும் பெற்ற பிள்ளையும்

ஆலடியூரில் முதல் பிரசவம் என்றால் வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் வரும். அம்மாவும் அப்பாவும் பத்து மாதமாக நினைத்து வைத்திருந்த பிள்ளை, வலி எடுத்த அன்று காலையிலேயே தானாக ஆட்டோவில் வந்து இறங்கும். பெற்ற பிள்ளை பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வரும். பதினாறாம் நாள் பெயர் வைப்பதற்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அதே ஆட்டோவில் ஏற்றிவிட வேண்டும். பெயர் ஒன்று, தொட்டில் ஒன்று. இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது.

வான்மதி பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவள். எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வாள். குழந்தை மாலை ஏழுக்குத் தூங்கிக் காலை ஏழுக்கு எழ வேண்டும் என்று அட்டவணை எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்தாள். நான்கு தாலாட்டுகளை மனப்பாடம் செய்திருந்தாள். அவள் கணவன் சிவநேசன் தன் பங்குக்குச் சுருட்டை முடியும் கன்னத்தில் குழியும் நினைத்திருந்தான். நினைத்த பிள்ளை வந்து இறங்கியபோது முடி, குழி எல்லாம் சரியாக இருந்தன. வாசலில் நின்ற அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்தது. ஏழு மணி அடித்ததும் தூங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் ஒரு பிசகும் நடந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதை அந்தப் பக்கத்தில் சேனை வைப்பது என்பார்கள். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும். அதற்காகவே சிவநேசனின் அக்கா செண்பகத்திடம் சொல்லி வைத்திருந்தார்கள். தலையில் இடி விழுந்தாலும் 'சரி, விழுந்தாச்சு' என்று அடுத்த வேலையைப் பார்க்கிறவள் அவள். அப்பேர்ப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை அவசரப்பட்டு, ஆட்டோவில் வந்த பிள்ளைக்கே சேனையை வைத்துவிட்டாள். ஒரு பிரசவத்துக்கு ஒருவர் ஒருமுறைதான் வைக்கலாம். ஆஸ்பத்திரியில் பெற்ற பிள்ளை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. வேறு வழியில்லாமல் வான்மதியே விரலை நனைத்து வைத்தாள்.

பெற்ற பிள்ளை தோல் உரிந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ரயிலைத் தவறவிட்டவர் முகத்தோடு வீட்டுக்கு வந்தது. அட்டவணையை ஏறிட்டும் பார்க்கவில்லை. தூங்க வேண்டிய நேரத்தில் அழுதது. அழுகிற நேரத்தில் இன்னும் நன்றாக அழுதது. நான்கு தாலாட்டில் ஒன்றும் அதற்கு ஒத்துவரவில்லை. மிக்ஸி ஓடினால் மட்டும் உறங்கியது. ஆகவே வீட்டில் நாளைக்கு ஒன்பது தடவை தேங்காய்ச் சட்னி அரைத்தார்கள். தெருவே அதைத் தொட்டுக்கொண்டுதான் இட்லி தின்றது.

பார்க்க வந்தவர்களின் கை நினைத்த பிள்ளையிடமே போயிற்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். வான்மதிக்கு அந்தப் பேறு உடனே வாய்க்கவில்லை. அவளும் நினைத்த பிள்ளையைத்தான் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பசிக்காது, அது துணியை நனைக்காது, தூக்கினால் கை வலிக்காது. பதினாறாம் நாள் தன் வாய் எந்தப் பிள்ளையைச் சொல்லிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் பகலில் கரண்ட் போய்விட்டது. மிக்ஸி ஓடவில்லை. பெற்ற பிள்ளை வீறிட்டது. சிவநேசன் காதைப் பொத்திக்கொண்டான்.

"இது யாரக் கொண்டிருக்கு?"

அவன் அம்மா கூடத்திலிருந்து பதில் சொன்னாள். "சேனை வச்சவளக் கேளு."

வான்மதி தூங்கிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழ ஆரம்பித்தாள். இரண்டு அழுகையும் ஒரே சுருதியில் போயின, ஒரே இடத்தில் மூச்சு வாங்கின, ஒரே இடத்தில் விக்கின. நினைத்த பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது. பிறகு நின்றுபோயிருந்த ஃபேனைப் பார்த்தும் அதே அளவு சிரித்தது. பெற்ற பிள்ளையோ தன் அழுகையை நிறுத்திவிட்டு, இவளுக்கு என்ன வந்தது என்று அவளையே உற்றுப் பார்த்தது. இந்தப் பதினைந்து நாளில் அவளை அப்படி யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நினைத்த பிள்ளைக்குப் பொட்டு வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். ஆட்டோவில் ஏற்கெனவே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைக்கு இடம் விட்டு இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் புடவையில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை; தலையில் ஈரம் காயாத மல்லிகைப்பூ. அவள் கணவனின் தோளில் பால் கறை படாத துண்டு.

"உங்க பிள்ளை நினைச்சு வச்சிருந்த அம்மா அப்பா நாங்க," என்றாள் அந்தப் பெண். "அதுவும் பத்து மாசம் உள்ள சும்மாவா இருந்திருக்கும்?"

நியாயம்தான். வான்மதி குனிந்து தன் நைட்டியைப் பார்த்தாள். மூன்று நாளாக அதே நைட்டி. பெற்ற பிள்ளையை எடுத்துவந்து, அதுவே பார்த்து முடிவு செய்யட்டும் என்று அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

அந்தப் பெண் நான்கு தாலாட்டையும் பிசிறில்லாமல் பாடினாள். பிள்ளை கவனமாகக் கேட்டது. வான்மதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்விடும் என்றே நினைத்தாள். நாலாவது பாட்டு முடிந்ததும் பிள்ளை அந்தப் புடவையில் கக்கிவிட்டு வீறிட்டது. அந்தப் பெண் சிரித்த முகமாகவே இருந்தாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இரவே கரண்ட் வந்திருந்தது; சிவநேசன் உள்ளே ஓடி மிக்ஸியைப் போட்டான். அவசரத்தில் தேங்காய் போட மறந்துவிட்டான். பிள்ளை உடம்பை முறுக்கி வான்மதியிடம் தாவியது. அவள் கலைந்த தலைமுடியில் ஒரு கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

அந்தக் கணவர் தங்களுக்கு இந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று வருத்தம் தெரிவித்தார். இருவரும் நினைத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினார்கள். மூன்று பேரும் பொருத்தமாக இருந்தார்கள். அன்று மாலை பெயர் வைத்து எல்லாம் முடிந்த பிறகு, செண்பகம் நிதானமாக வந்து சேர்ந்தாள்.

மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு வான்மதி புதுப் பவுடர் டப்பாவை எடுத்தாள். டப்பாவின் மேல் அந்த மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புடவையில் கக்கிய இடம் மட்டும் லேசாகத் தெரிந்தது. மூடி சற்று இறுக்கமாக இருந்தது. அந்தக் கணவர் கொஞ்சம் நகர்ந்து, அவள் விரல் வைக்க இடம் கொடுத்தார்.