பாதி ஜெபம்

பார்வையாளர் நேரத்தில் வார்டு பாசார் மாதிரி ஒரே சந்தை இரைச்சலாக இருந்தது. எதிர்க் கட்டிலுக்கு ஒரு குடும்பமே வந்து மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. என் கட்டிலுக்கு யாரும் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் கூட்டம் கலையும்போது அவர்களோடு நழுவி, கிராப் டாக்சி பிடித்து வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் என் வயிற்றிலிருக்கும் கட்டியை எடுக்கப்போகிறார்கள். விட்டால் பரவிவிடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

மகள் ஸ்டெஃபனிக்கு மெல்பர்னில் இது நிறைமாதம், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். "மம்மி, பயமா இருக்கா?" என்று போனில் அழுதாள். "ஜீசஸ் இருக்காரு, எனக்கென்ன லா பயம்" என்று சொல்லிவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது? எங்கள் சர்ச் பங்கில் ஜெபக் கூட்டம் நடத்துகிறவள் நான். யாருக்கு ஆபரேஷன் என்றாலும் 'அஞ்சாதிருங்கள்' என்று முதலில் வாட்ஸப் அனுப்புவது இந்த உர்சுலாதான். இப்போது எனக்கு நானே அனுப்பிக்கொள்ள முடியுமா?

ஜெபமாலையை எடுத்தேன். எங்கள் வீட்டில் அது இரண்டு பேர் வேலை. ஒவ்வொரு மணிக்கும் என் கணவர் மாரிஸ் முன்பாதியைச் சொல்வார், 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்று தொடங்கும் பின்பாதி எனக்கு. ரயில்வேயில் இருந்தவர்; ஜெபத்தையும் தாமதமில்லாமல் ஓட்டுவார், நான் மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவேன். கோயிலில் எல்லாரும் 'மரியே' என்று மாறியபிறகும், தன் அம்மா சொல்லிக்கொடுத்த 'மரியாயே'வை அவர் விடவில்லை. அவர் போனபிறகு இரண்டு பாதியும் நானே. கேள்வியும் கேட்டு பதிலும் நானே சொல்வது போல இருக்கும். அதிலும் 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடம் வந்தால், சில நாட்களாக அதை விழுங்கிவிட்டு அடுத்த மணிக்குத் தாவிவிடுகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு மணிகளை உருட்டினேன். ஏழெட்டு மணி போனபிறகு, மறுபடியும் "அர்ச்சிஷ்ட மரியாயே…" என்றேன்.

"என்னாங்க ஆன்டி?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். பக்கத்துக் கட்டிலின் திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் பார்த்தாள். நெற்றியில் குங்குமம், காலில் பெரிய கட்டு.

"ஒங்கள இல்லம்மா. மாதாவக் கூப்பிட்டேன்." எரிச்சலை நான் மறைக்கவில்லை.

"அப்படியா? எம்பேரு மாரியாயி. ரொம்ப நேரமா கூப்பிடுறீங்களேன்னு பார்த்தேன்."

"அது ஜெபம்."

"பரவால்ல, கூப்பிடுங்க. அவங்க பிஸியா இருந்தா நான் வரேன். நடக்கத்தான் முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேரு டவுனில் கையுறைத் தொழிற்சாலையில் வேலையாம். சர்க்கரைப் புண் முற்றி, வெள்ளிக்கிழமை பாதத்தை எடுக்கப்போகிறார்களாம். அவள் கட்டிலுக்கும் யாரும் வந்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"பயமா இருக்கா ஆன்டி?"

"இருக்கு" என்றேன். மகளிடமும் பங்குச் சாமியாரிடமும் சொல்லாதது வாயிலிருந்து விழுந்துவிட்டது. "ரொம்ப பயமா இருக்கும்மா. ஓடிடலாமான்னு பையெல்லாம் கட்டி வச்சிட்டேன்."

"எனக்கும்தான். ஆனா ஓட காலு வேணுமே லா."

கூட்டம் கலைந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையை அலமாரியில் திரும்ப வைத்தேன். தைரியம் வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவளை விட்டுவிட்டு ஓட வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

காலையில் என்னைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜெபமாலையை வாங்கி வைத்துவிட்டதால் விரல்களில் எண்ணிக்கொண்டு மாரிஸின் பாதியைச் சொன்னேன். வார்டு வாசலை ஒட்டியே லிஃப்ட். அது வரும்வரை நிறுத்தினார்கள். இனி என் பாதி. குரல் எழும்பவில்லை. சேலைன் குழாயைப் பார்த்தபடி கிடந்தேன். மாதா கேட்கிறாளா, யாராவது கேட்கிறார்களா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

லிஃப்ட் திறந்தது. உள்ளே தள்ளினார்கள்.

"அர்ச்சிஷ்ட மரியாயே!" என்று கத்திவிட்டேன். கட்டிலைத் தள்ளிய மலாய்க்காரர் பயந்து என் தோளைத் தொட்டார்.

"இருக்கேன் ஆன்டி!"

வார்டுக்குள்ளிருந்து, தொண்டை கிழிய. யாரோ நர்ஸ் அவளை அதட்டுவதும் கேட்டது. நான் என் பாதியைத் தொடர்ந்தேன். லிஃப்ட் கதவு மூடியபோது 'இப்பொழுதும்' வரைக்கும் வந்திருந்தேன்.