தலைமேல் வைத்த கை

கலைமதி மேடம் நேத்து எங்க ஓட்டலுக்கு டீ குடிக்க எறங்கினாங்க. "பாக்கியமேரி, நீங்களா?"ன்னு சிரிச்சாங்க. எனக்குப் பொசுக்குன்னு கோவம்தான் வந்துச்சு. அழுகை அப்பறமாத்தான் வந்துச்சு.

அதியமான்கோட்டை தாண்டி பைபாஸ் ஓரத்து ஓட்டல்ல நான் பாத்திரம் கழுவறேன். எம் பொண்ணு கவிப்பிரியா பின்னாடி தண்ணி டேங்க் பக்கத்துல காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பா. ஒம்பது வயசு. சத்தம்னா அவளுக்கு ஆகாது, பேச்சும் ஒன்னு ரெண்டுதான். அவளைப் போய் லாரி ஆரன் அடிக்கற எடத்துல உக்கார வெச்சிருக்கேனே, நான் ஒரு தாயா?

அவளும் பள்ளிக்கூடம் போனவதாங்க. வகுப்புல சத்தம் ஜாஸ்தியானா கத்துவா, கடிப்பா, வெளிய ஓடுவா. இவளை வெச்சுக்க முடியாதுன்னு பேச்சு வந்தப்பதான், ஏதோ ஒரு திட்டத்துல கலைமதி மேடம் வந்தாங்க. இந்த மாதிரி புள்ளைங்களை எப்படிப் பழக்கறதுன்னு டீச்சருங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலை. வந்தவங்க கடைசி பெஞ்சுல உக்காந்து, எம் பொண்ணைவிட நிர்மலா டீச்சரைத்தான் அதிகமாப் பாத்தாங்க. டீச்சருக்கு மூஞ்சி செவந்து போச்சு. "கடிக்கறது அவ, கவனிக்கறது என்னையா?"ன்னு என்கிட்ட பொரிஞ்சு தள்ளினாங்க.

மேடம்தான் கண்டுபிடிச்சாங்க. கடிக்கறதுக்கு முன்னாடி கவி ஒரு கையைத் தூக்கித் தலைமேல வெச்சுக்கறா. "வெளிய போகட்டுமான்னு அவ கேக்கறது அப்படித்தான் டீச்சர். கையைப் பாத்ததும் 'போய்ட்டு வா கண்ணு'ன்னு சொல்லிடுங்க."

நிர்மலா டீச்சர் அரை மனசாத்தான் சொல்லிப் பாத்தாங்க. கவி போய் வேப்பமரத்தடியில நின்னுட்டு, அவளாவே திரும்பி வந்து உக்காந்தா. கடி நின்னுச்சு. பேரெழுதக் கத்துக்கிட்டா. நான் நிம்மதியா வேலைக்கு வந்தேன்.

அப்பறம் டீச்சருக்கு அரூர்ப் பக்கம் மாறுதல். மேடத்தோட திட்டமும் முடிஞ்சு போச்சு. புதுசா வந்த சார் நல்ல மனுசன்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா புள்ள தன் தலையிலயே கை வெச்சுக்கிட்டா எந்த வூட்லதான் சும்மா வுடுவாங்க? "எழவு வூட்டாட்டம் என்ன கை? எறக்கு"ன்னு தெனம் தட்டி வுட்டிருக்காரு. நான் போய்ச் சொன்னேன். "கெட்ட பழக்கத்தை நீங்களே வளக்காதீங்கம்மா"ன்னுட்டாரு. வேற டீச்சருங்க யாருக்காச்சும் தெரிஞ்சாத்தானே எடுத்துச் சொல்ல?

ஆண்டு விழாவுக்கு டிரம் அடிச்சுப் பழகின அன்னிக்கு, கவி தலையில கை வெச்சிருக்கா. சார் ஸ்கேலால அந்தக் கைமேலயே போட்டிருக்காரு. இவ அவரைக் கடிச்சு ரத்தமாக்கிட்டா. "கொஞ்ச நாள் வூட்லயே வெச்சுக்கம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியல.

எல்லாத்தையும் நேத்து மேடத்துகிட்ட கொட்டிட்டுக் கேட்டேன். "ஒரு டீச்சருக்குச் சொல்லிக் குடுத்தீங்களே மேடம், மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?"

மேடம் டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டாங்க. "எல்லாருக்கும் சொல்லணும், இன்னொரு வருசம் குடுங்கன்னு திட்டத்து ஆபீஸ்ல கேட்டேம்மா. அந்தப் புள்ளதான் சரியாயிட்டாளே, அப்பறம் என்னன்னுட்டாங்க." அவங்க கண்ணும் கலங்கிருச்சு. கலங்கி என்ன பண்ண?

"நாளைக்கே அந்த சார்கிட்ட பேசறேன். கவி வரட்டும்"னாங்க.

"மொதல்ல அவளை வந்து பாருங்க"ன்னு பின்னாடி கூட்டிட்டுப் போனேன்.

அந்நேரம் பாத்து ரெண்டு லாரி ஆரன் அடிச்சுக்கிட்டே போச்சு. கவி உடம்பெல்லாம் நடுங்குது. கை மட்டும் தலைக்குப் போகல. மேடம் அவ முன்னாடி குந்தி, ஞாபகம் வரட்டும்னு, தன் கையைத் தூக்கித் தலைமேல வெச்சுக் காட்டினாங்க.

கவி பதறி எந்திரிச்சா. மேடத்தோட கையைப் புடிச்சுக் கீழ எறக்கி, தன் ரெண்டு கையாலயும் மூடி மறைச்சுக்கிட்டா.

"அடிப்பாங்க"ன்னா.