பெர்பெத்துவாவின் தகரம்

என் புருஷன் எலிகியோவைக் கொன்றவன் யாரென்று எனக்குச் சொன்னது கோயில் சுவர்தான். மலைப்பாதையில் வயிற்றில் கத்திக்குத்தோடு கிடந்தான் அவன். பெர்பெத்துவாவின் மகன் நிக்கானோரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாட்சி இல்லையென்று நீதிபதி விட்டுவிட்டார். நானும் நம்பித் தொலைத்தேன். என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் பெர்பெத்துவா. சாவு வீட்டில் என் தலையை மடியில் வைத்து சோளக்கஞ்சி ஊட்டியவள். அவள் வயிற்றில் பிறந்தவன் கொல்வானா?

எங்கள் சுரங்க ஊரில் வேண்டுதல் பலித்தால், ஊர் ஓவியரிடம் நடந்ததைத் தகரத்தில் வரையச் சொல்லி, நன்றியாக, சிலுவை ஆண்டவருக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். மாடு முட்டிப் பிழைத்தது, சுரங்கம் சரிந்து தப்பியது எல்லாம் அங்கே தொங்கும். தவக்காலத்தில் மெழுகுதிரி ஏற்றப் போனவள், பெயிண்ட் வாசனை போகாத புதுத் தகரம் ஒன்றைப் பார்த்தேன்.

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் முன்னங்கால் வெளுத்த எங்கள் கோவேறு கழுதையைத் தெரியாதா? அதன் பக்கத்தில் என் எலிகியோ விழுந்து கிடந்தான். அவன் மேல் குனிந்து, கையில் கத்தியோடு நிக்கானோர். அடுத்தாற்போல் நீதிபதியின் மேஜை, அதனடியில் கால் கட்டிக் கிடந்த, பெர்பெத்துவா வீட்டு வான்கோழி. கீழே பெர்பெத்துவா முழங்காலில் நின்றாள். மேகத்திலிருந்து ஆண்டவர் அவளை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டுக்கு ஓடினேன். சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, ஊரறிய மாட்டி வெச்சிருக்கியே, உனக்குக் கூச்சமே இல்லையா?"

"ஊர்கிட்ட நான் வாயே திறக்கலையே, தொமித்திலா. சாமிகிட்ட எப்படிப் பொய் சொல்றது? மாத்தி வரைஞ்சு மாட்டினா என் புள்ளைக்கு ஆகுமா?"

"அங்க செத்துக் கிடக்கிறது என் புருஷன்டி!"

"அது ஆண்டவருக்கு மாட்டினது. நீ எதுக்குப் போய்ப் பாத்தே?"

நடிக்கவில்லை அவள். அவளுடைய ஜெபத்தை நான் ஒட்டுக்கேட்டுவிட்டதுபோல முகம் வாடிப்போயிருந்தது. அதுதான் என்னைக் கோயிலுக்குத் திரும்ப ஓட வைத்தது.

தகரத்தைக் கழற்றிச் முக்காட்டுத் துணியில் சுற்றி நீதிபதியிடம் கொண்டுபோனேன். "ஐயா, இதோ சாட்சி. பெத்தவளே குடுத்த சாட்சி."

வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று காத்திருந்த எனக்கு நல்ல பாடம்.

"அந்த வான்கோழி இவ்வளவு நோஞ்சானா இல்லையே," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "படமெல்லாம் சாட்சி ஆகாதும்மா. ஆனா கோயில் பொருளைத் திருடினது குத்தம். கொண்டுபோய் மாட்டிடு. நானும் மறந்துடறேன்."

கூடவே ஒரு காவலனை அனுப்பினார். அவன் பார்க்க, என் கையாலேயே அதை ஆணியில் மாட்டினேன். கிளம்பும்போது அவன் அந்தப் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

நேராக ஓவியரிடம் போனேன். "மேஸ்திரி, நிக்கானோர் ஜெயில்ல கிடக்கிற மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடுங்க."

"கிடந்தான்னா வாம்மா, வரையறேன். நடக்காததை வரைஞ்சா அது ஆண்டவரை ஏய்க்கிற வேலை."

"அவன் கத்தியை வரையறப்போ உங்க கை நடுங்கலையா?"

"நடந்ததைத்தானே வரைஞ்சேன்," என்றார், தூரிகையைக் கழுவிக்கொண்டே.

"அப்போ வெறுந்தகரமாக் குடுங்க."

அதைப் பெர்பெத்துவாவின் தகரத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினேன். சுத்தியல் சத்தம் கேட்டு, கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ஓடிவந்தார்.

"என்னம்மா இது? இதுல ஒண்ணுமே இல்லையே."

"ஆமா, ஒண்ணுமே இல்லை. ஆண்டவர் எனக்குச் செஞ்சது அவ்வளவுதான். அவர்கிட்ட நான் மட்டும் பொய் சொல்லலாமா?"