மண் இல்லாத மாப்பிள்ளை

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்பதுதான் இண்டூர்ப் பக்கத்து வழக்கம். பிரியதர்ஷினி தரகரிடம் தலைகீழாகக் கேட்டாள்.

"நெலம் கிலம் ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க. வூட்டச் சுத்தி சிமெண்ட் போட்டிருக்கணும்."

தரகர் அவள் அம்மா செல்லியைப் பார்த்தார். "பாப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஏழாவது படிக்கும்போதிலிருந்தே விடியுமுன் நெற்றியில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு குண்டுமல்லி மொட்டு பறித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் முழுக்கத் தூங்கியவள் அவள். கல்யாணமான பிறகாவது காலில் மண் ஒட்டக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது. தர்மபுரி டவுனில், வாசலிலிருந்து கொல்லைவரை டைல்ஸ் ஒட்டிய வீட்டில், மருந்துக்கும் மண் இல்லாத பாரதி கிடைத்தான். வலது காலை எடுத்து வைத்த அன்று அவள் மாப்பிள்ளையைவிட டைல்ஸைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

கொஞ்ச நாள் சுகமாகப் போனது. பிறகு மாமனார் பச்சியப்பன் ரிட்டையர் ஆனார்.

ஆபீசில் ஃபைல்களைத் தவிர எதையும் வளர்த்திராத அவர், மொட்டை மாடி முழுக்கச் செடிப் பைகளை வாங்கி அடுக்கினார். தக்காளி, கத்திரி, புதினா, ரோஜா, மூலையில் ஒரு குண்டுமல்லி. மண் டெம்போவில் வந்தது. மாமனாருக்கு மூட்டுவலி, மாமியாருக்குப் பிரஷர், பாரதிக்கு ஆபீஸ். மண் பிரியதர்ஷினியின் இடுப்பில் ஏறி மாடிக்குப் போனது.

"தோட்ட வேலைங்கறது வேலையே இல்லம்மா. அது ஒரு சந்தோஷம்," என்றார் பச்சியப்பன், மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "மண்ணத் தொட்டா டென்ஷன் பறந்துடும்."

"நீங்க தொடறதே இல்லீங்களே மாமா?"

"எனக்குத்தான் டென்ஷனே இல்லியேம்மா."

அவள் காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். அவர் செல்போனில் வீடியோ எடுத்து, 'என் தோட்டம், என் உழைப்பு' என்று போட்டார். சாருக்குக் கைராசி என்று தெருவே சொன்னது. பாரதியிடம் சொல்லி அழுதாள்.

"அப்பா எவ்ளோ சந்தோஷமா இருக்காரு பாரு. நீயும் சந்தோஷமா இருக்கக் கத்துக்க."

அம்மாவுக்குப் போன் போட்டாள். "குடுத்து வெச்சவடி நீ," என்றாள் செல்லி. "மாடில பாம்பு வராது பாரு."

வழி காட்டியவர் மாமனாரேதான். மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு அமிர்தம் என்று எதிலோ பார்த்துவிட்டு வந்து, "இனிமே அத வீணாக்காம ஊத்தும்மா," என்றார்.

"சரிங்க மாமா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் மீன் நின்று கருவாடு வந்தது. கருவாடு அலசிய தண்ணீரில் உப்பு போதாது என்று தோன்றிய நாளில் ஒரு கை கல்லுப்பையும் சேர்த்துக்கொண்டாள். மாமனார் பேச்சை இப்படித் தட்டாமல் கேட்கும் மருமகள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

முதலில் புதினா கருகியது. அடுத்து தக்காளி. ரோஜா இலையின் ஓரமெல்லாம் பீடி சுட்டதுபோல் ஆனது. குண்டுமல்லியை மட்டும் அவள் தனியாகக் கவனித்தாள். அதற்கு இரண்டு வேளை. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கியதில்லை.

பச்சியப்பன் சோறு இறங்காமல் கிடந்தார். திருஷ்டி என்று பூசணிக்காய் கட்டினார், அதுவும் அழுகியது. காய்ந்த பைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு இரண்டு நாள் யோசித்தவர், மூன்றாம் நாள் முகம் மலர இறங்கி வந்தார்.

"தப்பு நம்ம மேலதாண்டா பாரதி. பையில போட்டு அடச்சா எந்த உயிர் பொழைக்கும்? செடிக்குத் தரை வேணும். பென்னாகரம் ரோட்டுல அரை ஏக்கரா, கெணத்தோட பேசி முடிச்சிட்டேன். பூராவும் குண்டுமல்லி!"

பிரியதர்ஷினிக்கு இனி மானம் மரியாதை பார்க்க நேரமில்லை.

"மாமா, நாந்தாங்க கொன்னேன். கருவாட்டுத் தண்ணிய ஊத்தி, உப்ப அள்ளிப் போட்டு, வேணும்னேதான் கொன்னேன்."

பச்சியப்பன் அவளையே பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கியது.

"கேட்டியாடா? செடி செத்ததத் தாங்காம பழியத் தன் தலையில போட்டுக்குது! எனக்கு வலிக்கக் கூடாதுன்னு எப்படியெல்லாம் கத கட்டுது பாரு. இந்தப் பாசம் ஒங்க யாருக்குடா வரும்? நெலத்த எம்மருமவ பேருலயே எழுதறேன்."

"பொய் இல்லீங்க மாமா, உப்பு டப்பாவ வேணும்னா வந்து பாருங்க."

"போதும் கண்ணு, அழாத."

பத்திரப் பதிவு அன்று செல்லி பஸ் பிடித்து வந்துவிட்டாள். மகள் பேரில் சொத்து என்று கேட்டவர் கேளாதவரிடமெல்லாம் சொன்னாள். ரேகை எடுக்கும் மெஷினில் பிரியதர்ஷினி கட்டைவிரலை வைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் வைத்தாள். எடுக்கவில்லை. மொட்டு கிள்ளிக் கிள்ளித் தேய்ந்த விரல். ரேகை என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ரேகை விழாவிட்டால் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாவிட்டால் நிலம் இல்லை.

"வெவசாயக் கைக்கு இப்படித்தாங்க ஆகும்," என்றார் அங்கிருந்த ஊழியர் பழகிய குரலில். ஈரத்துணியால் அந்த விரலை அழுந்தத் துடைத்தார். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து மெஷினில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார்.

பச்சை விளக்கு எரிந்தது. பச்சியப்பன் கை தட்டினார்.